கத்தரிக்காகக் குளிர்ந்த வீடு

உறைந்த இறால் பைக்கற்றைச் சுவரில் எப்படி நிறுத்துவது? கிறிஸ்துநாயகம் ரேப் ஒட்டிப் பார்த்தார். ஈரத்தில் வழுக்கிக் காலில் விழுந்தது. ஆணி அடிக்கலாமா என்று சுத்தியலைத் தேடினார்.

"சொக்ஸுக்குள்ள போட்டுத் தொங்கவிடுங்கோவன்," என்றாள் மனைவி மரியம்மா, குசினிக்குள் சமைத்தபடி.

சொக்ஸுக்குள் போன இறால், வீட்டுச் சூட்டை அளக்கும் தெர்மோஸ்ற்றாற்றின் மூஞ்சியோடு மூஞ்சியை வைத்துக்கொண்டு தொங்கியது. வீடு குளிர்ந்துபோய்விட்டது என்று அந்தச் சின்னப் பெட்டி அப்படியே நம்பியது. பேஸ்மென்றில் வீட்டைச் சூடாக்கும் ஃபேனஸ் உறுமத் தொடங்கியது.

இது யாருடைய யோசனை என்பது அவருக்கு நினைவில்லை. நல்ல யோசனைகளெல்லாம் தன்னுடையவை என்று எடுத்துக்கொள்வது அவர் வழக்கம்.

பெட்டி, மகன் மாக்கஸ் பூட்டியது. போன மாரிக் குளிரில் நாற்றுக்கென்று இவர் ஏற்றிய சூட்டில் சாப்பாட்டறைச் சுவரின் பெயின்ற் கொப்பளித்துவிட்டது. அன்றிலிருந்து மோர்னிங்சைட் வீட்டின் சூடு, அடுத்த நகரமான மார்க்கத்தில் இருக்கும் மாக்கஸின் போனுக்குள் போய்விட்டது. இருபத்தொரு டிகிறி. அதற்கு மேல் ஒரு புள்ளி ஏறாது. மனிசருக்கு அது காணும். கத்தரிக் கொட்டைக்குக் காணாது.

வெளியே வேலி மறையும் அளவுக்கு ஸ்நோ. மண் கொங்கிறீற்றாய்க் கிடந்தது. புத்தியுள்ளவர்கள் மார்ச் கடைசி வரை பொறுப்பார்கள். ஆனால் போன வருடம் இவருடைய கத்தரி பிஞ்சு பிடித்த கிழமையே முதல் உறைபனி விழுந்து, செடியோடு கருகிப்போனது. இம்முறை விடுவதில்லை என்று, ஜனவரியில் மூன்று இராசாக்கள் திருநாள் முடிந்த கையோடு கொட்டை போட்டுவிட்டார். சாப்பாட்டு மேசை, அயன் பண்ணும் பலகை, பாத்ரப் எல்லாம் மண் தட்டுகள். மரியம்மா குளிக்க வேண்டுமென்றால் தட்டுகளை ஒவ்வொன்றாகத் தூக்கி வெளியே வைத்து, குளித்து, பாத்ரப்பைக் கழுவி, திரும்பத் தூக்கி உள்ளே வைக்க வேண்டும். தோட்டம் அவருடையது. சேறு அவளுடையது.

இத்தனைக்கும் ஒரு கொட்டைகூட முளைத்திருக்கவில்லை.

உருக உருகப் பைக்கற்றை மாற்றியதில் இறால் வேலை செய்தது. அடுத்த நாள் காலை அவர் சேட்டைக் கழற்றிவிட்டுச் சாரத்தோடு நின்றார். ஜன்னல் கண்ணாடியில் வியர்வை வழிந்தது. பாத்ரப்புக்கு முன்னால் முழங்காலில் இருந்து பார்த்தார். மண்ணைத் தள்ளிக்கொண்டு, கூனிய கழுத்தோடு ஒரு முளை.

"மரியம்! வந்து பாரும்! பிள்ளை பிறந்திட்டுது!"

போன் அடித்தது. மாக்கஸ்.

"அப்பா, அங்க என்ன நடக்குது? இரவு முழுக்க அலேர்ட் வந்திருக்கு. வீடு ஒன்பது டிகிறி எண்டு காட்டுது!"

"உது மெசின் பிழையாயிருக்கும்."

"அப்ப இப்பவே ஆளை அனுப்பிறன். கழட்டிப் பாக்கட்டும்."

கிறிஸ்துநாயகம் சொக்ஸைப் பார்த்தார். அதிலிருந்து இறால் தண்ணீர் சொட்டியது.

"சீ, சீ, ஆள் வேண்டாம். மெசின் சரி. குளிர்தான்."

"ஒன்பது டிகிறியிலயா இருக்கிறியள்? ஆர் யூ சீரியஸ்? இதுக்குத்தான் அப்பா சொல்லுறனான், உந்தப் பழைய வீட்டை வித்துப்போட்டு இஞ்ச வாங்கோ எண்டு."

அதுதான் அவருக்குப் பயம். மார்க்கத்து வீட்டில் பின்வளவு முழுக்கக் கல் பதித்திருந்தது. இடுக்கில் ஒரு புல் தலைகாட்டினாலும் ஆள் பிடித்துப் பிடுங்குவார்கள். அங்கே போனால் அவர் சோபாவில் இருந்து சாக வேண்டியதுதான். விற்போம் என்று மகன் சொல்வான், மாட்டேன் என்று தகப்பன் சொல்வார். மரியம்மாவை ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று இருவருக்கும் தோன்றியதில்லை.

"வீடியோவைப் போடுங்கோ, நான் பாக்கவேணும்," என்றான் மாக்கஸ்.

"பொறு மகன், அப்பா கழிப்பறையில," என்று போனை வாங்கிய மரியம்மா, கண்ணாலேயே அலுமாரியைக் காட்டினாள்.

இரண்டு பேரும் ஸ்நோவுக்குப் போடும் ஜக்கெற், கம்பளித் தொப்பி, கையுறை எல்லாம் மாட்டிக்கொண்டு சோபாவில் குந்தி வீடியோவைப் போட்டார்கள். உள்ளே பலாப்பழம் பழுக்கும் வெக்கை.

"மகன், காலெல்லாம் விறைச்சுப்போச்சு," என்றாள் மரியம்மா. அவளுடைய பல் கிடுகிடுத்தது. அந்த நடுக்கத்தைப் பார்த்துக் கிறிஸ்துநாயகமே ஒரு கணம் பயந்துபோனார்.

"அப்பாக்கு ஏன் முகமெல்லாம் தண்ணி?"

"அது... ஸ்நோ வழிச்சுப்போட்டு இப்பதான் வந்தனான். உருகுது."

"உங்களை ஆர் வழிக்கச் சொன்னது?"

பின்னாலிருந்து மருமகள் ஸ்டெபனியின் குரல் கேட்டது. "பேப், குளிருக்குள்ள வேர்க்குதெண்டா அது ஹார்ட்! டாட் இஸ் நொட் ஓகே!"

"அசையாம இருங்கோ," என்று கத்தினான் மாக்கஸ். "நான் வாறன். பக்கத்தில இருக்கிற சீமோன் அங்கிளையும் வரச் சொல்லுறன்."

போன் வெட்டுப்பட்டது. மரியம்மா எழுந்து அறைக்குள் போய்ச் சூட்கேஸை எடுத்தாள். சுவரில் இருந்த திரு இருதயப் படத்தைக் கழற்றித் துவாயில் சுற்றி அடியில் வைத்தாள்.

"என்னப்பா, உண்மையாப் போறது மாதிரி அடுக்கிறீர்?" என்று கேட்டார் கிறிஸ்துநாயகம்.

"நடிக்கிறதெண்டா ஒழுங்கா நடிக்கவேணும்," என்றாள் அவள்.

கதவு தட்டுப்பட்டது. சீமோன், ஸ்நோவுக்குள்ளால் நடந்து வந்திருந்தார். ஒரு கையில் ஹீற்றர், மறு கையில் இரண்டு கம்பளி. கதவைத் திறந்ததும் உள்ளேயிருந்த வெக்கையில் அவருடைய கண்ணாடி புகார் பிடித்து வெளிறியது.

"உள்ளுக்க வந்து பூட்டித் தாறன், அண்ணை."

"வேண்டாம் சீமோன், உள்ளுக்க இதைவிடக் குளிர்."

"எங்களிட்ட இருந்தது இந்த ஒரு ஹீற்றர்தான். பறவாயில்லை, நாங்கள் போர்த்துக்கொண்டு படுப்பம். சுவாமியாருக்கும் சொல்லிப்போட்டன். பின்னேரப் பூசையில உங்களுக்காக மன்றாடுவினம்."

அந்த மனிதனுடைய மூக்கு சிவந்திருந்தது. கிறிஸ்துநாயகத்துக்கு ஜக்கெற்றுக்குள் உடம்பு கூசியது. இப்போதாவது சொல்லிவிடலாம். வாயைத் திறந்தார். "தாங்ஸ்" என்று மட்டும் வந்தது.

கதவைச் சாத்திவிட்டு ஹீற்றரைப் பார்த்துக்கொண்டு நின்றார். வெட்கம் வெட்கம்தான். ஆனால் ஹீற்றரும் புதிது. தூக்கிக்கொண்டுபோய் முளை விட்ட தட்டுக்குப் பக்கத்தில் செருகினார்.

அப்போதுதான் மண்டையில் அடித்தது. மாக்கஸ் வந்து கதவைத் திறந்தால் சூளை மாதிரி இருக்குமே! வீட்டை இப்போது உண்மையாகவே குளிராக்க வேண்டும். சொக்ஸைக் கழற்றி ஃபிறீசருக்குள் எறிந்தார். ஓடியோடி எல்லா ஜன்னலையும் திறந்தார். பெப்ரவரி உள்ளே பாய்ந்தது. திரைச்சேலை கூரை வரை எழும்பியது. மேசையில் ஸ்நோ தூவியது. வீடு குளிர்ந்தது. முளையும் தலையைச் சாய்த்தது.

"ஐயோ, பிள்ளை!"

தட்டுகளைத் தூக்கிக்கொண்டு படுக்கையறைக்கு ஓடினார்.

மாக்கஸ், கிழவன் கிழவிக்குச் சூப் எடுத்துக்கொண்டு திரும்பி வந்த சீமோன், ஒவ்வொரு மாரிக்கும் இந்த ஃபேனஸைப் பழுது பார்க்கும் அன்ஸார் மூவரும் ஒன்றாகத்தான் உள்ளே வந்தார்கள். அவர்கள் கண்டது இது: எல்லா ஜன்னலும் விரியத் திறந்திருந்தது. தகப்பன் தொப்பியோடு விறைத்துப்போய் நின்றார். கட்டிலில் கத்தரித் தட்டுகள், சீமோனின் கம்பளியைக் கழுத்துவரை போர்த்துக்கொண்டு வரிசையாய்ப் படுத்திருந்தன. கால்மாட்டில் சீமோனின் ஹீற்றர்.

மாக்கஸ் திட்டுவான் என்று கிறிஸ்துநாயகம் காத்திருந்தார். அவன் திட்டவில்லை. குழந்தையோடு கதைப்பது மாதிரி, மெல்லக் கையைப் பிடித்தான்.

"அப்பா, இண்டைக்கு என்ன நாள் எண்டு தெரியுமோ?"

அதைவிட அடித்திருக்கலாம். மகன் தன்னை விசர் பிடித்த கிழவனாகப் பார்க்கிறான்.

"எனக்கு மூளை சரியாத்தான் இருக்கு, தம்பி. வீட்டிலயும் பிழையில்லை. நான்தான் பொய் சொன்னனான்."

ஃபிறீசரிலிருந்து சொக்ஸை எடுத்து வந்து எல்லோர் முன்னாலும் நீட்டினார். எல்லாவற்றையும் சொன்னார். சொல்லச் சொல்லக் குரல் தேய்ந்தது. சீமோன் குனிந்து ஹீற்றரின் வயரைக் கழற்றி, கையில் சுற்றிச் சுற்றி எடுத்தார். அந்த வயர் சுற்றி முடியும் வரை கிறிஸ்துநாயகம் நிலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாக்கஸ் முதலில் கத்தினான். பிறகு சொக்ஸைப் பார்த்தான். சிரிப்பு அடக்க முடியாமல் கட்டிலில் கத்தரிக்குப் பக்கத்தில் குந்திவிட்டான்.

"ஓகே. இவ்வளவு செய்யுற மனிசனைக் கல்லுப் பதிச்ச முத்தத்தில கொண்டுபோய் வச்சா நீங்கள் செத்துப்போவியள். இஞ்சயே இருங்கோ. இனி வீட்டை விக்கிற கதை கதைக்க மாட்டன். ப்ரொமிஸ்."

மரியம்மா சூட்கேஸைத் திறந்து, திரு இருதயப் படத்தைத் துவாயிலிருந்து எடுத்துத் திரும்ப ஆணியில் கொழுவினாள். படம் சரிந்து தொங்கியது. அவள் நிமிர்த்தவில்லை.

மாக்கஸ் சீமோனைக் காரில் கொண்டுபோய் விடப் போனான். அன்ஸார் வாசலில் குந்தியிருந்து பூட்ஸின் கயிறு கட்டினான். கிறிஸ்துநாயகம் பக்கத்தில் போய் நின்றார்.

"உமக்கும் வீண் அலைச்சல், தம்பி. இந்த வயசில ஊர் முழுக்க வெக்கக்கேடு. என்ர மனிசிதான் பாவம். எனக்காக அவவும் சேர்ந்தெல்லோ பொய்க்கு நடுங்கினவ."

அன்ஸார் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"உங்களுக்காக இல்லை, அங்கிள். 'மாக்கஸ் வந்து என்னை இஞ்சயிருந்து கூட்டிக்கொண்டு போகவேணும், வீடு குளிரெண்டு அவன்ர போனில காட்ட என்ன வழி, தம்பி?' எண்டு போன கிழமை எனக்குக் கோல் எடுத்ததே அன்ரிதான்."