அக்காவின் கறிவேப்பிலைக்கு நடந்தது

சிவமயம்

மில்லிக்கன்,
வைகாசி, லோங் வீக்கெண்டுக்கு முந்தின வெள்ளி

அன்புள்ள மருமகள் நிரூபாவுக்கு,

இப்படித்தான் நடக்கும் என்று நான் அப்பவே சொன்னேன். போன ஐப்பசியில் நீ அந்தக் கறிவேப்பிலைச் சாடியைக் காரிலிருந்து இறக்கும்போதே வானத்தை ஒருக்கால் அண்ணாந்து பார்த்து, இந்த முறை வருவது ஆளை ஏமாற்றுகிற விண்ரர் குளிர் என்று சொன்னேன். மாமியைக் கேட்டால், நான் அப்படி ஒன்றும் சொல்லவில்லை, "சாடி பாரம், முதுகு பிடிக்கப்போகுது" என்றுதான் சொன்னேன் என்பா. மாமிக்கு ஞாபகசக்தி குறைந்துகொண்டு வருகிறது, நீ பெரிதாக எடுக்காதே.

இங்கே நானும் மாமியும் ஆளுக்கொரு மருந்துக் குளிசைப் பெட்டியோடு நடமாடித் திரிகிறோம், குறை ஒன்றும் இல்லை. நீயும் மாப்பிள்ளை ராகுலனும் சுகம் என்றும், ஸ்ரௌவ்வில் பக்கத்துப் புது வீட்டில் கதவு, குழாய் எல்லாம் பூட்டி வேலை ஒப்பேறிவிட்டது என்றும் நம்புகிறேன். போன் இருக்க ஏன் மாமா கடிதம் எழுதுகிறார் என்று யோசிப்பாய். போனில் என்றால் நீ "மாமா, நேரை விசயத்துக்கு வாங்கோ" என்பாய். இது நேரே வரக்கூடிய விசயம் இல்லை. விசயம் உன் அம்மா, என் அக்கா, விட்டுப்போன கறிவேப்பிலை பற்றியது. அது கடைசியில் வரும். அதற்கு முதல், நான் அதை எப்படி ராசா மாதிரி வைத்திருந்தேன் என்பது உனக்குத் தெரியவேணும்.

நீங்கள் பழைய வீட்டை விற்றுப்போட்டு, புது வீடு முடியும்வரை வெயில் படாத பேஸ்மென்ரில் வாடகைக்கு இருக்கப் போனபடியால்தான் சாடி என்னிடம் வந்தது. வாசலில் வைத்து நீ சொன்னது அப்படியே காதுக்குள் இருக்கிறது. "மாமா, புது வீட்டுக் குடிபூரலண்டு முதல் கறிக்கு அம்மான்ரை மரத்திலை ஒரு நெட்டு இலை முறிச்சுப் போடவேணும். அதுமட்டும் கவனமாப் பாருங்கோ. யன்னலடியிலை வையுங்கோ, மண் காய்ஞ்சால் கொஞ்சம் தண்ணி. வேறை ஒண்டும் செய்யாதேங்கோ."

"ஒண்டும் எண்டால்?" என்று கேட்டேன்.

"ஒண்டும்."

ஒன்றும் செய்யாமல் இருப்பது லேசான வேலை இல்லை, பிள்ளை. இந்த நாட்டுக்கு வந்த நாள் தொட்டு நான் அந்த வேலை மட்டும் பழகவில்லை. அதுவும் விவசாயப் பாடத்தில் எங்கள் பள்ளிக்கூடத்திலேயே முதல் ஆள் நான். அந்தப் பாடம் எடுத்த மற்றப் பெடியன் இடையில் நின்றுவிட்டான் என்று உன் அம்மா எல்லாருக்கும் சொல்லித் திரிந்தது உண்மைதான், ஆனாலும் முதல் ஆள் முதல் ஆள்தான். அப்படிப்பட்டவனிடம் ஒரு மரத்தைத் தந்து சும்மா இரு என்றால், அவன் எவ்வளவு நாளைக்குத்தான் சும்மா இருப்பான்? நான் கார்த்திகை வரை இருந்தேன். கார்த்திகையில் இலை மஞ்சளாகி ஒவ்வொன்றாக விழத் தொடங்கிவிட்டது. குளிர்காலத்தில் கறிவேப்பிலை நித்திரைக்குப் போகும், அது நோய் இல்லை என்று மாமி போனில் எதையோ தட்டிப் பார்த்து வாசித்தா. மரம் எங்கேயாவது நித்திரை கொள்ளுமோ? ஒரு மரமும் குறட்டை விட்டு நான் கேட்டதில்லை. இது வெப்ப நாட்டு மரம், அதுக்குக் குளிருகிறது என்று உடனே விளங்கிக்கொண்டு, சாடியைத் தூக்கி ஹீற்றர் காற்று வருகிற ஓட்டைக்கு மேலே வைத்தேன். அடுத்த கிழமை மிச்சம் இருந்த இலையும் கொட்டிப்போட்டுது.

"பாவம், அதைச் சுட்டுப்போட்டியள்" என்று மாமி சொன்னா.

"சுடேல்லை. அது இப்ப கனடா சிற்றிசன் எடுத்திட்டுது. வெளியிலை நிக்கிற மேப்பிள் மரத்தைப் பார், உதுவும் கொட்டினதுதானே" என்றேன். அந்த நேரம் அது நல்ல பதில் மாதிரித்தான் இருந்தது.

பிறகு மார்கழியில் புளித்த மோர் ஊற்றினேன். இது உன் அம்மாவும் செய்த வைத்தியம்தான். அக்கா கோடையில், வெளியில் வைத்து, ஒரு தேத்தண்ணிக் கோப்பையால் ஊற்றுவா. நான் நத்தார்க் குளிர் நேரம், ஹோலுக்குள் வைத்து, வாளியால் ஊற்றினேன். மற்றப்படி வித்தியாசம் ஒன்றும் இல்லை. மண்ணுக்கு மேலே வெள்ளை வெளேரென்று பூஞ்சணம் படர்ந்தது. வந்தவர்கள் கேட்க, அது ஜப்பான் உரம் என்று சொல்லிச் சமாளித்தேன். ஒருவர் எங்கே வாங்கலாம் என்றுகூடக் கேட்டார்.

மோர் வேலை செய்யவில்லை என்றதும் மாசி மாதம் ஒரு பெரிய பாரை மீன் வாங்கி வந்து நானே வெட்டினேன். எங்கடை ஆக்கள் மீன் கழுவின தண்ணியை வீணாக்குகிறதில்லை, அது நேரே மரத்தடிக்குத்தான் போகும், அதில்தான் மரம் கறுத்துத் தழைக்கும், இது எல்லாருக்கும் தெரிந்த விசயம். ஆனால் ஊரில் மரம் வெளியில் நிற்கிறது, காற்றும் வெளியில் நிற்கிறது. இங்கே மாசி மாதம் யன்னல் முழுக்க இறுக்கிப் பூட்டியிருக்கும், இருக்கிற காற்றையே ஹீற்றர் திரும்பத் திரும்ப இழுத்து வீடு முழுக்கச் சுற்றிக்கொண்டு வரும் என்பதை நான் யோசிக்கவில்லை. யோசித்தேன், ஊற்றின பிறகு. முதல் நாள் ஹோலில் மட்டும் வெடுக்கு. அடுத்த நாள் அறை, அலுமாரி, மாமி கோயிலுக்கு உடுக்கிற சீலை, என் விண்ரர் ஜாக்கெற், எல்லாம். பஸ்ஸில் எனக்குப் பக்கத்து இருக்கையில் ஒருவரும் இருக்கவில்லை, அது ஒரு வசதிதான். எங்கள் தெருவில் இருக்கிற அமிர்தநாதர் அண்ணை வேதக்காரர், தவக்காலத்துக்கு மீன் மச்சம் விட்டிருந்தவர், ஏதோ கதைக்க வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். "பத்மநாதன், நான் உள்ளுக்கை வரேல்லை. உதை மணந்தாலே என்ரை விரதம் முறிஞ்சுபோம்" என்று சொல்லிப்போட்டு, ஸ்நோவுக்குள் நின்றே கதைத்துவிட்டுப் போனார்.

அதோடு சின்னப் பூச்சி ஒன்று பெருகித் தேத்தண்ணிக்குள் விழத் தொடங்கியதும் மாமி சொன்னா, "வீட்டிலை ஒண்டு அது, இல்லாட்டி நான்." நான் யோசிக்க ஒரு நாள் அவகாசம் கேட்டேன். அது கேட்டிருக்கக்கூடாது. அன்றே சாடி பேஸ்மென்ருக்கு இறங்கியது. மரத்துக்கென்று விற்கிற ஊதா வெளிச்சம் ஒன்றைக் கொழுவிவிட்டு மேலே வந்தேன்.

பங்குனியில் அது துளிர்த்தது, பிள்ளை. சத்தியமாக. நுனி முழுக்க இளம் பச்சையாக, தொட்டால் விரலில் உன் அம்மாவின் குசினி மணக்கிற மாதிரி. இது என் மோரின், என் மீன் தண்ணியின் பலன் என்று நான் எல்லாருக்கும் சொன்னேன். நான் முழங்கால் நோவால் படி இறங்காமல் கிடந்த நாட்களில்தான் அது துளிர்த்தது, மண் காயக் காயத் தான்தான் கொஞ்சம் தண்ணி விட்டது என்று மாமி சொல்லுவா. அதுவும் ஒரு பக்கம் இருக்கட்டும்.

சித்திரை பிறந்ததும் ஒரு கிழமை வெயில் எறித்ததே, நினைவிருக்கும். சனம் எல்லாம் அரைக் காற்சட்டையோடு திரிந்தது. வருசப் பிறப்புக்கு அடுத்த நாள் நான் சாடியை மேலே தூக்கி வந்து, திருநீறு பூசி, பின்பக்க டெக்கில் வைத்தேன். பக்கத்து வீட்டு மரியோவை உனக்குத் தெரியும்தானே, இத்தாலிக்காரன், தன் அத்தி மரத்தைக் குளிருக்குச் சாக்கும் தார்ப்பாயும் சுற்றி நோயாளி மாதிரிக் கட்டி வைத்திருப்பவன். அவன் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "பட்மா, நோ. ரூ ஏர்லி" என்றான். பனி விடுகிற வைகாசி லோங் வீக்கெண்ட் வரட்டும், அதுவரை தன் மரத்தையே அவிழ்க்கமாட்டேன் என்று கையால் விளங்கப்படுத்தினான். அவன் இங்கிலீசும் என் இங்கிலீசும் ஒரே வகுப்பில் இருந்து படித்தவை, ஆனபடியால் எங்களுக்குள் எல்லாம் விளங்கும். "மரியோ, திஸ் மை சிஸ்ரர் ட்ரீ. நோ அஃப்ரெய்ட்" என்றேன். அதோடு ஒரு படம் எடுத்துக் குடும்பக் குறூப்பில் போட்டேன், ரொறொன்ரோவிலேயே இந்த வருசம் முதலாவதாக வெளியில் வந்த கறிவேப்பிலை என்று. நீ இருதயம் ஒன்று போட்டு, "மாமா, இரவிலை உள்ளுக்கை எடுங்கோ" என்று எழுதினாய். நான் பெருவிரல் போட்டேன். அதுக்குப் பிறகு நீ அனுப்பினவற்றுக்கு நான் பதில் போடாதது போன் பழுது என்றதால் இல்லை.

வெயில் போன அன்று பின்னேரம் மாமி வந்து சொன்னா, "பனி கொட்டும் எண்டு ரீவியிலை சொல்லுறான். அதை உள்ளுக்கை எடுங்கோ."

"மரியோ குசினி யன்னலிலை நிண்டு பாத்துக்கொண்டிருக்கிறான். இப்ப எடுத்தால் அவனுக்குச் சிரிப்பு."

"சிரிச்சால் நீங்கள் என்ன தேய்ஞ்சு போவியளோ?"

நான் ஒரு கட்டில் விரிப்பை எடுத்துச் சாடிக்கு மேலே மூடிவிட்டு உள்ளே வந்தேன். மூடினதைக்கூட மரியோ யன்னலை விட்டு விலகுமட்டும் பார்த்திருந்துதான் மூடினேன். விடியப் போய்ப் பார்த்தால் விரிப்பு கஞ்சி போட்டுக் காய்ந்த மாதிரி விறைத்து நின்றது. உள்ளே அந்தத் துளிர் எல்லாம் அவித்த கீரை மாதிரிக் கறுத்துத் தொங்கியது. மரியோ வேலியைச் சுற்றி வந்தான். சிரிக்கவில்லை. குனிந்து, நகத்தால் தண்டைச் சுரண்டிப் பச்சை இருக்கிறதோ என்று பார்த்தான். மண்ணிறம். கொஞ்சம் கீழே சுரண்டினான். மண்ணிறம். அப்படியே கீழே கீழே வந்து மண்ணைத் தொட்டான். பிறகு தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். அவன் சிரித்திருக்கலாம். அதுக்குச் சொல்ல எல்லாப் பதிலும் நான் ஆயத்தமாக வைத்திருந்தேன்.

இப்ப உனக்கு விசயம் தெரிந்துவிட்டது. பட்டுப்போச்சு, பிள்ளை. இனி நான் சொல்லப் போவதை நீ வேறு ஒருவருக்கும் சொல்லவேண்டாம். அக்கா ஒஷாவாவில் இருந்த காலத்தில் நான் போகும்போதெல்லாம் அந்த மரத்தில் ஒரு கன்று கேட்பேன். வேரடியில் கன்று வெடிக்கும், எல்லாருக்கும் குடுப்பா. எனக்கு மட்டும் இல்லை. "தம்பி, உனக்கு இலை தாறன், வேணுமெண்டால் கறியும் தாறன். மரம் தரமாட்டன். நீ பாத்துப் பாத்தே அதைச் சாகடிச்சுப்போடுவாய்" என்று சொல்லிச் சிரிப்பா. நானும் சிரிப்பேன். சிரித்துக்கொண்டு வீட்டுக்கு வந்து மாமியோடு கோபிப்பேன். போன ஐப்பசியில் நீ அந்தச் சாடியை என் கையில் தந்தபோது நான் முதல் நினைத்தது உன்னையும் இல்லை, உன் குடிபூரலையும் இல்லை. அக்கா, இப்ப பார் என்றுதான் நினைத்தேன். அவவுக்குக் காட்டவேணும் என்றுதான் இவ்வளவும் செய்தேன். நீ மண் காய்ந்தால் தண்ணி என்றாய். அவ்வளவுதான் கேட்டாய். உன் அம்மா விட்டுப்போனதில் உயிரோடு மிஞ்சினது அது ஒன்றுதான்.

ஆனபடியால் ஒரு நல்ல செய்தியும் சொல்லுகிறேன். நேற்று மழை விட்டபிறகு சாடிக்குள் பார்த்தேன். பட்ட தண்டுக்குப் பக்கத்தில், மண்ணை ஒட்டி, ஒரு துளிர். எள்ளளவுதான், ஆனால் பச்சை. வேர் உயிரோடு இருக்கிறது என்றுதான் அதுக்கு அர்த்தம். மரியோவும் வந்து பார்த்துத் தலையை ஆட்டினான். நீ மனம் உடையாதே. குடிபூரலுக்கிடையில் அது நாலு இலை விடும், நான் ராகுலனின் புதுக் குசினி யன்னலுக்குக் கொண்டுவந்து என் கையாலேயே வைப்பேன், முதல் கறிக்கு ஒரு இலையாவது போடுவாய்.

நீங்கள் இருவரும் அந்த வீட்டில் நோய்நொடி அண்டாமல், அடுப்பு அணையாமல், வருகிறவர்களுக்குச் சோறு குறையாமல் இருக்க அம்மாளாச்சி துணை நிற்பா. மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல்லு. மாமி உனக்கு மிளகாய்த்தூள் இடித்து வைத்திருக்கிறா.

இப்படிக்கு,
உன் அன்பு மாமா,
பத்மநாதன்

பி.கு: கடிதத்தை ஒட்ட முதல் மாமி வாங்கி வாசித்தா. எழும்பி டெக்குக்குப் போய், குனிந்து, விரலால் மண்ணை விலக்கி விலக்கிப் பார்த்துவிட்டு வந்து "எங்கை?" என்று மட்டும் கேட்டா. துளிர் இல்லை, பிள்ளை. மற்றதுகள் கொஞ்சம் கூட்டிக் குறைத்து எழுதினதுதான், ஆனால் நடந்தது. துளிர் மட்டும் நடக்கவில்லை. அது இல்லாமல் கடிதத்தை எப்படி முடிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டுத் திருப்பி எழுதலாம் என்று பார்த்தேன், கை வரவில்லை. கடையில் கறிவேப்பிலை பையில் போட்டு விற்கிறான்தான், வாங்கிக்கொண்டு வரலாம்தான், அதைக் கையில் பிடித்துக்கொண்டு உன் வாசலில் நிற்க என்னால் ஏலாது. குடிபூரலுக்கு நான் வெறுங்கையோடு வந்தால் பரவாயில்லையோ என்று ஒரு வரி எழுது.