சிலுவையம்மாள் விட்ட ஏலம்

ஒரு கணவன் எந்த முடிவையும் தனியாக எடுக்கலாம். அதை மனைவியிடம் சொல்லும்போதுதான் அது முடிவா, வெறும் கேள்வியா என்பது தெரியவரும். கல்மண்டபம் அருள்பிரகாசம் கல்யாணமான நாளிலிருந்து எடுத்ததெல்லாம் கேள்விகள்தான். அதனாலேயே அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதா கோயில் படியிறங்கும்போது, இந்த ஒரு விஷயத்தில் மட்டும் தோற்பதில்லை என்று தீர்மானம் செய்துகொண்டார்.

காரை ரிப்பேர் செய்தே தீருவது.

காருக்கு வயது, அவருடைய கல்யாணத்தின் வயது. மனைவி சிலுவையம்மாளின் அப்பா மூன்று விசைப்படகுகளுக்குச் சொந்தக்காரர். அவர் கல்யாண மண்டபத்தில் மைக்கை வாங்கி, "இந்தக் காரு என் பொண்ணுக்கு. மாப்ள வேணும்னா ஓட்டிக்கலாம்" என்று அறிவித்து மகளுக்குச் சீராகக் கொடுத்தது. மாப்பிள்ளை அன்றிலிருந்து ஓட்டிக்கொண்டிருந்தார். கடற்காற்று அன்றிலிருந்து தின்றுகொண்டிருந்தது. இப்போது டிரைவர் சீட்டுக்குக் கீழே ஓர் ஓட்டை. அதன் வழியே சாலை தெரியும். வேகம் காட்டும் முள் செத்துப்போன பிறகு அருள்பிரகாசம் அந்த ஓட்டையைப் பார்த்துத்தான் வேகத்தைக் கணித்துவந்தார்.

போன மாதம் எண்ணூர் நெடுஞ்சாலையில், இரண்டு கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே, கார் ஒரு முறை இருமிவிட்டு நின்றது. கட்டி இழுத்துவந்து வாசலில் விட்டார்கள். மெக்கானிக் செல்வநாதன் பானெட்டைத் திறந்து, ரொம்ப நேரம் பார்த்து, துக்க வீட்டில் பெட்டியை மூடுவதுபோல மெதுவாக மூடினான்.

"என்ஜின எறக்கணும்ணே. அறுவதாயிரம் ஆவும்."

"பண்ணா ஓடுமா?"

"ஓடும். ஆனா இந்த வண்டிய வித்தா இருபது கூட வராது. இருபது ரூவா பொருளுக்கு அறுவது ரூவா வைத்தியம் தேவையான்னு வூட்ல கேட்டுக்கினு சொல்லு."

வூட்ல கேட்பது. அங்கேதான் சிக்கல். கப்பல் துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் மகள் கல்யாணம் போக மிச்சம் அதே அறுபதாயிரம்தான். அது பீரோவில் இருந்தது. அதன் மேல் சிலுவையம்மாளுக்கும் ஒரு கண் இருந்தது.

சிலுவையம்மாள் காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் விடுகிறவள். படகிலிருந்து இறங்கும் கூடைகளை ஏலம் போட்டு, மிஞ்சுவதைத் தானே எடுத்து ஓட்டல்களுக்கு அனுப்புவாள். மீன்கூடையைப் பார்த்தாலே ஷேர் ஆட்டோக்காரர்கள் கண் தெரியாதவர்களாகிவிடுவதால், சொந்தமாக ஒரு லோடு ஆட்டோ வேண்டும் என்று ஆறு மாதமாகச் சொல்லிவந்தாள்.

"சிலுவை, காரு ரிப்பேர் பண்ணப் போறேன்."

"இன்னாத்துக்கு? அதுல நீ எங்க போற? வாரத்துக்கு ஒருவாட்டி கோயிலு. நடந்தா அஞ்சு நிமிஷம், கார்ல போனா அரை மணி நேரம்."

"அதோட மதிப்பு உனக்குத் தெரியாது."

"தெரியும். அது தலைமேல காக்கா கூடு கட்டிகீது. அதுக்கு வாடகை வாங்கு."

இங்கேதான் அருள்பிரகாசத்தின் படிப்பு கைகொடுத்தது. ஒரு பொருளின் மதிப்பு அதில் போட்ட உழைப்பிலா, அதனால் கிடைக்கும் பயனிலா என்று அறிஞர்கள் இருநூறு ஆண்டுகளாக அடித்துக்கொள்கிறார்கள். காசிமேட்டில் அந்தச் சண்டை தினமும் விடிவதற்குள் தீர்ந்துவிடுகிறது. கூடையை நடுவில் வை. அதிகம் கேட்பவன் சொல்வதே மதிப்பு.

"ஏலம் வுட்டுப் பாத்துருவோம்" என்றார். "ரிப்பேர் செலவு அறுவது. எவனாவது அறுவது கேட்டான்னா, அந்தச் செலவுக்குத் தகுதியான வண்டின்னு அர்த்தம். ரிப்பேர் பண்ணணும். கேக்கலன்னா, வர்ற வெலைக்குத் தள்ளிவுட்டுட்டு லோடு ஆட்டோ வாங்கிக்க."

சிலுவையம்மாள் அவரைப் பார்த்தாள். வஞ்சிரத்தின் செவுளைத் தூக்கிப் பார்க்கிற பார்வை.

"சரி. ஆனா நான்தான் ஏலம் வுடுவேன். துறைமுகத்து முறைதான். கேட்டவங்க பின்வாங்கக் கூடாது. துட்டு வச்சாத்தான் பொருளத் தொடணும்."

"ஒத்துக்கினேன்" என்றார் அருள்பிரகாசம், உள்ளுக்குள் சிரித்துக்கொண்டு. ஏனென்றால் அவருடைய தோஸ்து தவசிமுத்து ஏற்கெனவே ஏற்பாடாகியிருந்தார். மீன் வியாபாரி. வெள்ளை வேட்டி, கனமான குரல். கூட்டத்தில் நின்று "அறுவது" என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டியது. பிறகு, பொண்டாட்டி திட்டுகிறாள் என்று நழுவிவிட வேண்டியது. வாழ்நாள் முழுவதும் கடலுக்கு முந்நூறு அடி தள்ளி நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் செய்யக்கூடிய பிழை இது. தவசிமுத்து தினமும் மீன் எடுப்பது யாருடைய ஏலத்தில் என்பதை அவர் யோசிக்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் தெருவே வாசலில் நின்றது. பழைய இரும்பு வாங்குகிற இரண்டு பேர், சும்மா வந்த பத்துப் பேர், ஐஸ் வியாபாரம் செய்யும் நவ்ரீன். தவசிமுத்து பின்வரிசையில் கம்பீரமாக நின்றார். சிலுவையம்மாள் சேலையை இழுத்துச் செருகி, காரின் மேல் ஒரு கையை வைத்தாள்.

மனைவி ஏலம் விட்டு அருள்பிரகாசம் அதுவரை பார்த்ததில்லை.

"பாரு நைனா, நல்லா பாரு. பொய் சொல்லி விக்கிறவ இல்ல நானு. ஹாரன் அடிக்காது. அதனால இது எவங்கூடயும் சண்டைக்குப் போனதில்ல. பின்கதவு தொறக்காது. உள்ள வச்ச பொருள் எங்கயும் போவாது. ஏசி இல்ல, கீழ ஓட்டை கீது, கடக்காத்து அதுவா வரும். இருவது வருஷத்துக்கு மேல கண்டெய்னர் லாரிங்க நடுவுல பொழச்சு வந்த வண்டி. எவன் கேக்குறான்?"

"பத்து" என்றான் ஓர் இரும்புக்காரன்.

"பத்தா? டயர எண்ணி வெல சொல்றியா? அப்பால?"

"பதினஞ்சு."

சிலுவையம்மாள் காதுக் கம்மலைத் திருகிக்கொண்டாள். "இருவத்தஞ்சு" என்றாள் நவ்ரீன். கூட்டம் திரும்பிப் பார்த்தது. இரும்புக்காரர்கள் தலையைச் சொறிந்து முப்பதுக்கு வந்தார்கள். மறுபடி கம்மல். நவ்ரீன் நாற்பது என்றாள். இரும்புக்காரர்கள் டீ குடிக்கப் போய்விட்டார்கள்.

தன் மனைவி இவ்வளவு பெரிய ஆள் என்று அருள்பிரகாசத்துக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒரு பொய் சொல்லவில்லை; ஆனால் கேட்கக் கேட்க அந்தத் தகர டப்பா பளபளத்தது. வீட்டில் உப்பு குறைவு என்று இத்தனை வருஷம் சண்டை போட்டது இந்தக் குரலோடா என்று அவருக்கே ஆச்சரியமாகவும் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. பெருமையோடு தவசிமுத்துவுக்குக் கண்ணைக் காட்டினார். தவசிமுத்து தொண்டையைச் செருமினார்.

"அண்ணே, கேக்கப் போறியா?" என்றாள் சிலுவையம்மாள், மிகுந்த அன்போடு. "கேளு. கேட்டுட்டுப் பின்வாங்குனா நாளைலருந்து என் ஏலத்துல உனக்குக் கூடை கெடையாது. அத மட்டும் ஞாபகம் வச்சிக்க."

"எனக்கு இன்னாத்துக்கும்மா காரு" என்றார் தவசிமுத்து. "சும்மா சளிக்குச் செருமினேன்."

அருள்பிரகாசத்தின் நெஞ்சில் ஏதோ ஒன்று, கார் எண்ணூர் நெடுஞ்சாலையில் நின்றதுபோல, நின்றது.

கம்மல் திரும்பியது. "அம்பத்தஞ்சு" என்றாள் நவ்ரீன்.

சிலுவையம்மாள் குரலை இறக்கினாள். கூட்டத்தைப் பார்க்கவில்லை. ஒரே முகத்தைப் பார்த்தாள்.

"எம் பொண்ணு அம்மு பொறந்த அன்னிக்கு ரோடு முழுக்க லாரி. ஆம்புலன்சே வர முடியல. எவ்ளோ பெரிய வண்டிங்க, இந்தக் குட்டி வண்டி சந்துல பூந்து பூந்து என்னிய ஆஸ்பத்திரில சேத்துச்சு. ஓட்டுனவரு கை நடுங்கிச்சு. வண்டி நடுங்கல. இன்னிக்கு இத ஒடச்சி எடைக்குப் போடப் போறாங்க. ஒரு தரம். அம்பத்தஞ்சு ரெண்டு தரம்."

ஸ்டீரிங்கில் இன்னும் அந்த நாளின் வியர்வை இருப்பதுபோல அருள்பிரகாசத்துக்குத் தோன்றியது. அவருடைய தொண்டைக்குழி ஏறி இறங்கியது. துறைமுகத்தில் யார் வாங்கப் போகிறார்கள் என்பதைச் சிலுவையம்மாள் கண்டுபிடிப்பது முகத்தைப் பார்த்தல்ல. தொண்டைக்குழியைப் பார்த்துத்தான்.

"அறுவது" என்றார் அருள்பிரகாசம்.

"மூணு தரம். கல்மண்டபம் அருள்பிரகாசம் எடுத்துக்கினாரு."

தெரு கைதட்டியது. கைதட்டல் ஓயும்போதுதான் அவருக்கு விஷயம் லேசாக உறைத்தது.

"சிலுவை, இது நம்ம காரும்மா."

"எங்க நைனா எனக்குக் குடுத்த காரு. மைக்ல சொன்னாரு. நீ இன்னிக்குத்தான் வாங்கிகீற. துட்டு எடு."

"பொண்டாட்டிகிட்ட யாராவது துட்டு குடுத்து..."

"துறைமுகத்து முறைன்னு ஒத்துக்கினியா இல்லியா? தெருவே நிக்குது. நீ குந்து, பீரோ சாவி என்னாண்டதான் கீது."

பணம் வந்தது. பீரோவிலிருந்து சிலுவையம்மாளின் கைக்கு வந்து, அங்கே ஒரு நிமிஷம் கூடத் தங்காமல் நவ்ரீனின் கைக்குப் போனது. நவ்ரீன் தன் கையிலிருந்த சாவியைச் சிலுவையம்மாளிடம் கொடுத்தாள். நவ்ரீன் வந்து இறங்கிய லோடு ஆட்டோ தெருமுனையில் நின்றது. இனி அது அவளுடையதில்லை.

"நீ எதுக்கும்மா அம்பத்தஞ்சு வரைக்கும் ஏத்துன?" என்றார் அருள்பிரகாசம்.

"அக்கா கம்மலத் திருவுனா ஏத்தணும், இல்லாட்டி சும்மா நிக்கணும்னு சொன்னாங்க அங்கிள். பயந்துகினேதான் நின்னேன். நல்லவேளை, கரெக்டா நீங்க கேட்டுட்டீங்க."

கூட்டம் கலைந்தது. தவசிமுத்து முதலிலேயே கலைந்திருந்தார். அருள்பிரகாசம் தன் சொந்தக் காரின் பானெட்டில் சாய்ந்து நின்று மனைவியைப் பார்த்தார். கோபப்பட வேண்டும் என்று முயன்றார். வரவில்லை. முப்பது வருஷம் துறைமுகத்தில் கப்பல் கப்பலாகச் சரக்கு இறங்கியதைப் பார்த்தவர். இவ்வளவு சுத்தமாக ஒரு சரக்கைக் கைமாற்றி அவர் பார்த்ததே இல்லை.

"சோக்கா வுட்ட சிலுவை" என்றார்.

"எனக்கே ஒரு கட்டத்துல அழுவ வந்துருச்சு" என்றாள் அவள். உண்மையாகத்தான் சொன்னாள். "நல்ல வண்டிதான்யா அது."

அந்தச் சந்து கிடைத்ததும் அவர் மெல்ல நுழைந்தார். "அப்போ ரிப்பேர் பண்ணலாமா?"

"உன் காரு. உன் இஷ்டம்."

"பண்ணத்தான் வேணும். அறுவது போயிருக்கே, தகுதி உள்ள வண்டின்னு தெரிஞ்சிபோச்சே." அவர் குரல் கம்மியது. "துட்டுதான் இல்ல."

"சம்பாரி."

"இந்த வயசுல எனக்கு எவன் வேலை குடுப்பான்?"

சிலுவையம்மாள் லோடு ஆட்டோவின் சாவியை அவர் சட்டைப்பையில் போட்டு, பையை ஒரு முறை தட்டிக்கொடுத்தாள்.

"காலைல நாலு மணிக்கு வந்துரு. ஐஸ் பொட்டி ஏத்தணும்."