நல்ல மூச்சுக்கு ஆள் தேவை

"நான் பொழைப்பேனா மாட்டேனா? அதையாவது உங்க கம்ப்யூட்டர்கிட்ட கேட்டுச் சொல்லுங்க" என்றார் தலைமை டாக்டரம்மா.

ஆராய்ச்சியாளருக்கு வியர்த்துக் கொட்டியது. மூச்சுச் சத்தத்தைக் கேட்டே நுரையீரல் நோயைச் சொல்லும் செயற்கை நுண்ணறிவை அவர் உருவாக்கிக்கொண்டிருந்தார். அதுவோ டாக்டரம்மா, செக்யூரிட்டி, தண்ணீர் கேன் போட வந்தவர் என்று மைக்கில் ஊதிய அத்தனை பேருக்கும் 'தீவிர நோய்' என்றது.

"நீங்க அதுக்குக் கத்துக்குடுத்ததெல்லாம் நம்ம வார்டு நோயாளிங்க மூச்சு" என்றார் டாக்டரம்மா. " உலகமே இருமிக்கிட்டுதான் இருக்குன்னு நினைச்சுக்கிச்சு. நல்லா இருக்கறவங்களையும் சேருங்க. வெள்ளிக்கிழமை இதைச் சோதிக்கக் கமிட்டி வருது. அதுக்குள்ள சரியாகலைன்னா கடையைக் கட்ட வேண்டியதுதான்."

மறுநாள் விடிந்ததும் ஆராய்ச்சியாளர் பூங்காவுக்குப் போனார். ஓடிக்கொண்டிருந்தவர்களை மடக்கி மடக்கி ஊத வைத்தார். சாயங்காலம் காய்கறிப் பையோடு மாடியேறி வந்த மனைவியிடம் ஆசையாக மைக்கை நீட்டினார்.

'உடனே ஐ.சி.யு.வில் சேர்க்கவும்.'

"எனக்கா? மூணு மாடி ஏறினா மூச்சு வாங்காம பின்ன சங்கீதமா வரும்?"

"கோச்சுக்காதே. நல்ல மூச்சுன்னு ஓடுறவங்களைத்தான் காட்டினேன். ஓடாதவங்க எல்லாரும் நோயாளின்னு முடிவு பண்ணிடுச்சு."

"நீங்க ஏன் ஆளைப் பொறுக்குறீங்க? ஏதாவது ஒரு குடியிருப்பைச் சீட்டுக் குலுக்கி எடுங்க. அங்க யாரு இருந்தாலும் சரி, வீடு வீடா ஊத வைங்க."

மனைவி சொன்னதில் அவருக்குக் குறையே தெரியவில்லை. சீட்டில் வந்த குடியிருப்புக்கு வேனில் கிளம்பினார். "அரை மணி நேரம் ஊதினால் போதும், அனைவரும் வாரீர்" என்று ஒலிபெருக்கியில் அலறிக்கொண்டே போய் இறங்கினார். பூட்டிய வீடுகளை விட்டுவிட்டு, திறந்திருந்த வீடுகளில் ஒன்றுவிடாமல் ஏறினார். ஊதிய எல்லோருக்கும் நெஞ்சில் விசில் அடித்தது. அவர் போனை எடுத்தார்.

"டாக்டரம்மா, உடனே வாங்க! இந்தக் குடியிருப்பு முழுக்க ஏதோ பெரிய நோய் பரவியிருக்கு! என் கம்ப்யூட்டர்தான் கண்டுபிடிச்சது!"

டாக்டரம்மா முகமூடியும் ஆம்புலன்ஸுமாகப் பறந்து வந்தார்.

"ஒருத்தருக்குக்கூடவா நல்ல மூச்சு இல்லை?"

"ஒருத்தருக்குக்கூட இல்லை!" ஆராய்ச்சியாளரின் குரலில் கவலையை விடப் பெருமைதான் தூக்கலாக இருந்தது.

வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த ஓர் அம்மா, இன்ஹேலரை ஓர் இழுப்பு இழுத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்:

"நல்ல மூச்சு இருக்கறவங்கல்லாம் உங்க ஸ்பீக்கர் சத்தம் கேட்டதுமே பின்வாசல் வழியா ஓடிட்டாங்க சார், ஓட முடியாத நாங்கதான் மாட்டிக்கிட்டோம்."