இரண்டில் எது மாஸ்டர் கத்தி

சாப்பாட்டு மேசையில் இரண்டு மடக்குக் கத்திகள் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தன. காலையில் அவற்றில் ஒன்றின் பிடியில் சிவப்பு நூல் கட்டியிருந்தது. இப்போது எதிலும் நூல் இல்லை.

"இங்கே ஒரு நூல் இருந்துச்சே?"

"அந்த அழுக்கு நூலா? பிச்சுக் குப்பையில போட்டேன்" என்றாள் மனைவி. "ரெண்டையும் சோப்புப் போட்டுக் கழுவி, துடைச்சு, அழகா வச்சிருக்கேன் பாருங்க."

"எதுல இருந்து பிச்சே?"

"கத்தியில இருந்துதான்."

அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கம்பெனியில் அவருக்குச் சந்தேகம் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அது யாருக்கும் நினைவில்லை. கத்தித் தொழிற்சாலையில் தரப் பரிசோதகர் வேலை. வீட்டைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்து, தெருமுனை வரை போய், திரும்பி வந்து இன்னொரு தடவை இழுத்துப் பார்க்கிற ஆள். அந்த வேலைக்கு அவரை விட்டால் பொருத்தமானவர் கிடைக்கமாட்டார்.

விஷயம் இதுதான். ஊரிலேயே பேர் போன கத்தி மாஸ்டர் ஒருவர் இருந்தார். ஆளைப் பார்த்து, கையைப் பிடித்து அளந்து, ஒருவருக்கு ஒரு கத்தி என்று தானே செய்து கொடுப்பவர். அவர் செய்த கத்தியை வாங்கச் சாதாரண ஆளுக்குக் கட்டுப்படியாகாது. அவர் காலமானதும் முதலாளிக்கு ஒரு யோசனை பிறந்தது. மாஸ்டர் கடைசி நாள் வரை சட்டைப்பையில் வைத்திருந்த கத்தியை அச்சு அசலாக அப்படியே செய்து, எல்லாரும் வாங்குகிற விலையில் 'மாஸ்டர் நினைவுக் கத்தி' என்று வெளியிடுவது.

மாஸ்டரின் மனைவியிடம் போய் அந்தக் கத்தியைக் கேட்டு வாங்கி வந்தவர் சந்தேகம்தான். மாஸ்டரம்மா மேசை டிராயரிலிருந்து அதை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, "இதுவா வேணும்? வேற நல்லதா நாலு இருக்கே" என்றார். கொடுக்க மனசில்லாமல் சொல்கிறார் என்று சந்தேகம் உருகிப்போனார். "பத்திரமா நானே என் கையால திருப்பிக் குடுத்துடறேம்மா" என்று வாக்கும் கொடுத்துவிட்டு வந்தார்.

பிறகு ஒரு வருஷம் அந்தக் கத்தியோடு அவர் குடித்தனமே நடத்தினார். விரித்தால் அலகு துளி இடப்பக்கம் சாயும். அதற்கு விளம்பரப் பிரிவு 'கைராசிச் சாய்வு' என்று பெயர் சூட்டியது. மடக்கினால் ஒரு தடவைக்கு இரண்டு தடவையாக 'டக்-டக்' என்று சத்தம் வரும். அதற்கு 'இரட்டைத் துடிப்பு' என்று பெயர். பிடியின் அடியில் சின்னதாக ஒரு பெருக்கல் குறி. மாஸ்டர் அடக்கமான மனிதர், பெயருக்குப் பதிலாக இப்படித்தான் கையெழுத்திட்டிருக்கிறார் என்று முதலாளி கண் கலங்கினார்.

இந்தச் சாய்வும் சத்தமும் குறியும் அப்படியே வர வேண்டும். நேராக நிற்கிற அலகையெல்லாம் சந்தேகம் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிக் கழித்தார். ஒரே டக்கோடு மூடினதையும் கழித்தார். தொழிலாளர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். கடைசியில் அசலையும் நகலையும் பெற்ற தாயாலும் பிரித்துச் சொல்ல முடியாத நிலை வந்தபோதுதான் அவர் தலையாட்டினார்.

இன்று சாயங்காலம் வெளியீட்டு விழா. மேடையில் அசலை மாஸ்டரம்மாவிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதற்குக் கொஞ்சம் எண்ணெய் போடலாம், நகலோடு ஒரு கடைசித் தடவை ஒப்பிடலாம் என்றுதான் இரண்டையும் வீட்டுக்கு எடுத்து வந்தார். கலந்துபோகாமல் இருக்க அசலின் பிடியில் அந்தச் சிவப்பு நூலையும் கட்டியிருந்தார். "கத்திக்கு ஒரு கீறல் விழுந்துதோ, நீ நேரா வீட்டுக்குப் போயிடலாம்" என்று முதலாளி சொல்லியிருந்தார். ஒன்றும் ஆகவில்லையென்றால் அதே மேடையில் தலைமைப் பரிசோதகர் பதவி.

"ஏதோ ஒண்ணைக் குடுத்துடுங்களேன்" என்றாள் மனைவி. "ஒரு வருஷம் உத்துப் பார்த்த உங்களுக்கே தெரியலை. அவங்களுக்குத் தெரியவா போகுது?"

"அது அவங்க வீட்டுக்காரர் கடைசி நாள் வரைக்கும் பையில வச்சிருந்த கத்தி. பொய்க் கத்தியைக் குடுத்துட்டு நான் எப்படித் தூங்கறது?"

"நீங்க எப்பவும்தான் தூங்கறதில்லை."

சமையலறைத் தராசில் இரண்டையும் நிறுத்தார். ஒரே எடை. தக்காளியை வெட்டிப் பார்த்தார். இரண்டும் ஒரே மாதிரி வெட்டின. மாஸ்டரின் எஃகும் கம்பெனியின் மலிவு எஃகும் இவ்வளவு ஒற்றுமையாக இருப்பது அவருக்கே கொஞ்சம் உறுத்தியது. ஆனால் உறுத்தலுக்கு நேரமில்லை. மச்சினனுக்குப் போன் போட்டார்.

மச்சினன் அதே கம்பெனியில் விளம்பரப் பிரிவு. விழாவுக்கென்று தைத்த கோட்டோடு வந்து நின்றான். இரண்டு கத்தியையும் முகர்ந்து பார்த்தான்.

"ரெண்டுலயும் எலுமிச்சை வாசனை வருது மாமா."

"அது சோப்பு."

"சரி, எஃகை வச்சுக் கண்டுபிடிச்சிடலாம். மாஸ்டர் எஃகு ஆணியையே வெட்டும். நம்மளுது வெட்டாது."

"யார் சொன்னா?"

"விளம்பரத்துல வந்திருக்கே."

"அதை எழுதினதே நீதானே."

"எழுதினேன். வெட்டிப் பார்க்கலை."

வேறு வழி தெரியவில்லை. சுவரில் காலண்டர் மாட்டியிருந்த ஆணியைப் பிடுங்கினார்கள். முதல் கத்தியை வைத்து ஒரு தட்டு. ஆணி அப்படியே இருந்தது. அலகில் அரிசி அளவுக்குப் பொக்கை விழுந்தது. மச்சினன் முகம் மலர்ந்தது.

"அப்போ இது நம்மளுது. அடுத்தது மாஸ்டருது. தைரியமா அடிங்க."

அடுத்ததிலும் அதே அளவுக்குப் பொக்கை விழுந்தது.

காலண்டர் தரையில் கிடந்து காற்றில் படபடத்தது.

"நம்ம எஃகு இவ்வளவு உசத்தின்னு எனக்குத் தெரியாமப் போச்சே" என்றான் மச்சினன்.

சந்தேகம் சாணைக்கல்லை எடுத்தார். தொழில் தெரிந்த கை. பொக்கை மறைகிற வரை இரண்டையும் தீட்டினார். எது அசல் என்று தெரியாததால் இரண்டுக்கும் பாரபட்சம் காட்டவில்லை. தீட்டி முடித்து விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. மாஸ்டரின் பையில் அத்தனை வருஷம் கிடந்து ஏறின பழுப்பு, அதைப் பார்த்துக் கம்பெனியில் மெனக்கெட்டு ஏற்றின பழுப்பு, இரண்டும் போய்விட்டன. கத்திகள் கல்யாண வீட்டுப் பாத்திரம் மாதிரி பளபளத்தன.

"இப்போ ரெண்டுமே நகல் மாதிரி இருக்கே மாமா."

"வாயை மூடு."

"பழுப்புதானே வேணும்?" என்றாள் மனைவி. "என் வெள்ளைப் புடவை டீ கொட்டிப் பழுப்பானது இன்னிக்கு வரைக்கும் போகலை. டீத்தண்ணியில ஊற வைங்க."

புருஷனைக் காப்பாற்றுகிற ஆர்வத்தில் அவளே கெட்டியாக டீ போட்டு இரண்டு கத்தியையும் அதில் முக்கினாள். மச்சினன் மிச்ச டீயில் சர்க்கரை போட்டுக் குடித்தான். பழுப்பு அழகாகவே ஏறியது. கூடவே மரப்பிடியும் தண்ணீர் குடித்து உப்பியது. ஒரு கத்தியை விரித்து வைத்து ஊறப் போட்டிருந்தார்கள். அது இப்போது மடங்கவில்லை. இன்னொன்று மடங்கியபடி ஊறியது, அது விரியவில்லை.

"அடுப்புல காட்டலாமா?" என்றாள் மனைவி.

"இனிமே யாரும் எந்த யோசனையும் சொல்லக்கூடாது" என்றார் சந்தேகம்.

அதற்குள் வாசலில் கம்பெனி கார் ஹார்ன் அடித்தது. மடங்காத கத்தியைத் துண்டில் சுற்றிக் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டார். விரியாத கத்தியைச் சட்டைப்பையில் போட்டார். பதவி போனால் போகட்டும். ஒரு வருஷத்துக்கு முன் அந்த அம்மா கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற நிற்புதான் கண்ணுக்குள்ளேயே இருந்தது. அதை நினைத்தால் அழுகை வந்தது.

மண்டபத்தின் வாசலில் காவலாளி துண்டை விலக்கிப் பார்த்தான்.

"கத்தியோட உள்ளே விட முடியாது சார்."

"இது கத்தி விழாய்யா."

"அதுக்குத்தான் கண்டிப்பாப் பார்க்கச் சொல்லியிருக்காங்க."

மச்சினன் தன் கோட்டைக் காட்டி, விளம்பரத்தைக் காட்டி, கடைசியில் சுவரொட்டியில் இருந்த கத்தியின் படத்தைக் காட்டி உள்ளே அழைத்துப் போனான்.

மேடைக்குப் பின்னால் சுவர் முழுக்க ஒரு பதாகை. அதில் ஆள் உயரத்துக்கு ஒரு பெருக்கல் குறி. கீழே 'மாஸ்டரின் கையெழுத்து, இனி உங்கள் சட்டைப்பையிலும்' என்று எழுதியிருந்தது. முன் வரிசையில் கடைக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் பெட்டி பெட்டியாக நினைவுக் கத்திகள். மாஸ்டரம்மா கையைக் கட்டிக்கொண்டு கூட்டத்தைப் பார்த்தபடி மேடை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

முதலாளி மைக்கைப் பிடித்தார். அப்பாவுக்குப் பிறகு பொறுப்புக்கு வந்தவர். வந்த வேகத்தில் பழைய மெஷின், பழைய மாடல், பழைய ஆட்கள் எல்லாவற்றையும் ஒரேயடியாக ஒழித்துக் கட்டினவர். சந்தேகமே அதற்குப் பிறகு வேலைக்குச் சேர்ந்தவர்தான். பழசின் அருமையைப் பற்றி நெடுநேரம் பேசினார்.

"இப்போ நம்ம பரிசோதகர், அசல் கத்தியை அம்மாகிட்ட ஒப்படைப்பார். அதுக்கு முன்னாடி மைக் பக்கத்துல வச்சு ஒரு தடவை விரிச்சு மடக்குவார். மாஸ்டரோட அந்த இரட்டைத் துடிப்பை நீங்க எல்லாரும் கேட்கணும்."

சபை அமைதியானது. சந்தேகம் விரியாத கத்தியை எடுத்தார். நகத்தால் இழுத்தார், பல்லால் இழுத்தார். வரவில்லை. துண்டைப் பிரித்து மடங்காத கத்தியை எடுத்தார். முழங்காலில் வைத்து அமுக்கினார். ஒரு துடிப்பும் இல்லை. அவருடைய நெஞ்சுதான் துடித்தது. முதலாளி சிரித்த முகம் மாறாமல் பல்லைக் கடித்தார்.

"என்னய்யா பண்றே?"

சந்தேகத்தால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. நேராக மாஸ்டரம்மாவின் முன்னால் போய் நின்று இரண்டு கத்தியையும் நீட்டினார். மைக் திறந்திருப்பது அவருக்கு நினைவில்லை.

"அம்மா, என்னை மன்னிச்சிடுங்க. ரெண்டும் கலந்துபோச்சு. ஆணியில அடிச்சேன், சாணை பிடிச்சேன், டீயில ஊற வச்சேன். இதுல எது மாஸ்டர் கத்தின்னு இப்போ எனக்கே தெரியலை."

மண்டபம் முழுக்க அது எதிரொலித்தது. முதலாளியின் கை தானாகச் சட்டைப்பைக்குப் போய், பதவி உத்தரவை வெளியே எடுத்துக் கசக்கியது. மாஸ்டரம்மா இரண்டு கத்தியையும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"இதுக்கா இப்படி நடுங்கறீங்க? எதுவா இருந்தா என்ன தம்பி. அவருக்கு இதுமேல ஆசை வந்ததுக்கே காரணம் வேற. 'நான் செஞ்சதைப் பையில வச்சிருந்தா நாள் பூரா அதுல என்ன குறைன்னே தோணுது. இதுல குறை பார்க்கிற வேலையை வேற ஒருத்தர் முடிச்சுட்டார், எனக்கு நிம்மதி' அப்படின்னு சொல்வார்."

சந்தேகத்துக்கு ஒன்றும் புரியவில்லை. முதலாளிக்கும் புரியவில்லை. ஆனாலும் விழாவைக் காப்பாற்றியாக வேண்டும். ஓடி வந்து மைக்கை மாஸ்டரம்மாவின் பக்கம் திருப்பி, பதாகையைக் காட்டினார்.

"கத்தி கிடக்கட்டும் அம்மா. இதோ, மாஸ்டரோட இந்தக் கையெழுத்தைப் பத்தி நாலு வார்த்தை சொல்லுங்க."

மாஸ்டரம்மா அப்போதுதான் திரும்பி, சுவர் முழுக்க நின்ற அந்தப் பெருக்கல் குறியை அண்ணாந்து பார்த்தார்.

"இது அவர் கையெழுத்து இல்லையே தம்பி. உங்க அப்பா காலத்துல பரிசோதனையில தேறாத கத்தியில எல்லாம் இந்தக் குறியைப் போட்டு, உங்க கம்பெனி வாசல்லயே கூடையில கொட்டிப் பாதி விலைக்கு விப்பாங்க, அதுல ஒண்ணைத்தான் அவர் பொறுக்கிட்டு வந்தார்."