அழுதபுளியில் அழுதது யார்?

ஊர்ப்பெயர் விளக்கர் என்றொரு இனம் உண்டு. தேடி அலைய வேண்டாம். வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் நீங்கள் ஜன்னலோரம் உட்கார்ந்து கொய்யாப்பழம் கடித்துக்கொண்டிருக்கும்போது, பக்கத்தில் வந்து அமர்ந்து, எதிரே நிற்கிற பஸ்ஸின் பலகையைப் படித்து, "இந்த ஊருக்கு ஏன் இந்தப் பேரு வந்துச்சு தெரியுமா?" என்று கேட்டு, தெரியாது என்று நீங்கள் சொல்வதற்குள் பதிலையும் ஆரம்பித்துவிடுகிறாரே, அவரேதான். பதிலில் கட்டாயம் ஒரு ராஜா இருப்பார். ராஜா கிடைக்காவிட்டால் ராணி. இருவருக்கும் வழியில்லாத பொட்டல் என்றால், அவர்களுடைய குதிரையாவது அங்கே தண்ணீர் குடித்திருக்கும். வெறும் மாடு குடித்ததாக எந்த விளக்கரும் இதுவரை எழுதியதில்லை.

ஸ்தனிஸ்லாஸ் சார் இந்த இனத்தில் முதல் தரம். சரித்திர ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். திண்டுக்கல்லுக்கு வெளியே அவருடைய கிராமத்துக் கத்தோலிக்கப் பங்கில், கோயில் நூற்றாண்டு மலருக்காகக் காடு மேடு கிணறு எல்லாவற்றின் பெயர்க் காரணத்தையும் எழுதித் தரும் வேலையைப் பங்குச் சாமியார் அவரிடம் ஒப்படைத்தபோது, சாருக்குத் தரையில் கால் பாவவில்லை. வீடு வீடாகப் போனார். கேட்கப் போனார் என்றா நினைத்தீர்கள்? சொல்லப் போனார்.

"சட்டிமேடா? எங்க மாமியா கோவத்துல சட்டி பானையெல்லாம் போட்டு ஒடச்ச மேடு சார்" என்றார் வியாகுலம்மாள்.

"ஆதாரம் இருக்கா?"

"ஊரே பாத்துச்சே."

"வாய்ப்பேச்சு செல்லாதும்மா. அச்சுல இருக்கணும்" என்ற சார், அந்த மேட்டில் ஒரு ராஜாவின் படையே பொங்கித் தின்றதாக எழுதிக்கொண்டு போனார்.

கடைசியில் வந்தது அழுதபுளி. அது சாரின் சொந்தப் புஞ்சை. நடுவே ஒரு கிழட்டுப் புளியமரம். அதன் அடியில் அழுதது யார் என்று சாருக்கு நன்றாகவே தெரியும். அவருடைய தாத்தாதான். பெரிய வெள்ளிக்கிழமையன்று, ஊரே கஞ்சி குடித்துச் சிலுவைப்பாதையில் முழங்காலிட்டிருக்க, அந்த மனிதர் சாமியார் பங்களாச் சேவலைத் தூக்கிவந்து மரத்தடியில் குழம்பு வைத்தார். மணம் சிலுவைப்பாதை வரை போய்விட்டது. சாமியார் முன்னே, சனம் பின்னே வந்து நிற்க, கையில் தொடைக்கறியோடு தேம்பித் தேம்பி அழுதார். நூற்றாண்டு மலரில் இதையெல்லாம் போட முடியுமா? வெளிநாட்டிலிருந்து வந்த மிஷனரி ஒருவர், பஞ்சத்தில் வாடிய மக்களைக் கண்டு அந்த மரத்தடியில் கண்ணீர் விட்டார் என்று எழுதினார் சார். எழுதும்போது அவருக்கே கண் கலங்கியது.

மலர் வெளியானது. அடுத்த ஞாயிறே மரத்தடியில் மெழுகுவர்த்தி எரிந்தது. அப்புறம் பங்குப் பேரவை கூடியது. புனிதக் கண்ணீர் விழுந்த இடத்தில் சிலுவை வைத்து ஒரு குருசடி கட்ட வேண்டும், இடத்தை சார் மனமுவந்து தருவார் என்று தீர்மானமும் போட்டுவிட்டது.

அந்தப் புஞ்சையோ, மகள் ரீனா வீடு கட்டுவதற்கென்று வைத்திருந்தது. திண்டுக்கல் நாகல் நகரில் வாடகை வீடு மாற்றி மாற்றிச் சாமான் தூக்கியே அலுத்துப்போன பிள்ளை. பிளான் வரைந்து, வாசற்படி எந்தப் பக்கம் என்பது வரை முடிவு செய்து வைத்திருந்தாள்.

"எனக்குன்னு இருந்தது அது ஒண்ணுதானப்பா" என்றாள் போனில். போனை வைத்துவிட்டாள்.

சாரின் மனைவி இஞ்ஞாசியம்மாள் கரண்டியைக் கீழே வைத்தார். "சேவக் கதைய நீங்க போயிச் சொல்றீங்களா, நான் போயிச் சொல்லவா?"

சாரே போனார். பேரவையில் எழுந்து நின்று, சேவலிலிருந்து தொடைக்கறி வரை ஒன்று விடாமல் சொன்னார். வாழ்க்கையில் முதல் முறையாக ராஜா இல்லாத கதை சொல்கிறார் அல்லவா, பாவம், வேர்த்துக் கொட்டியது. வியாகுலம்மாள்தான் முதலில் வாய் திறந்தார்.

"ஆதாரம் இருக்கா சார்?"

"எங்கப்பா சொன்னாரும்மா."

"வாய்ப்பேச்சு செல்லாதுன்னீங்களே. மலர்ல வேற மாதிரியில்ல அச்சாகியிருக்கு."

பேரவை மொத்தமும் தலையாட்டியது. செயலாளர் ஸ்டீபன்ராஜ் எழுந்து சாரைப் பார்த்துக் கைகூப்பினார். "எடம் குடுத்த பெருமை தனக்கு வேணாம்னு, சொந்தத் தாத்தாவையே கோழித் திருடனாக்குறாரு பாருங்க. எம்புட்டுத் தாழ்மை" என்றார். கைதட்டல் அடங்கச் செத்த நேரம் ஆயிற்று.

குருசடி எழும்பிவிட்டது. ரீனா இன்னும் வாடகை வீட்டில்தான் இருக்கிறாள். அப்பா கூப்பிட்டால் போனை எடுப்பதில்லை. சார் சாயங்காலம் போய், 'இடம் உதவியவர்' என்று தன் பெயர் பொறித்த சலவைக்கல்லுக்கு முன்னால் நிற்கிறார். மனசு வலிக்கிறது. ஆனாலும் எழுத்து நன்றாகத்தான் வந்திருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்கள் தாத்தா எதற்காக இந்த ஊருக்கு வந்து குடியேறினார் என்று பிள்ளைகள் கேட்டால் நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? கதையில் எங்காவது ஒரு குதிரை வருகிறதா? வருகிறது என்றால், வீடு கட்ட வைத்திருக்கும் மனைக்கு இன்றைக்கே வேலி போட்டுவிடுங்கள்.