வெள்ளைத் தயவு

போலந்து நாடு நூற்று இருபத்து மூன்று ஆண்டுகள் உலக வரைபடத்திலேயே இல்லாமல் இருந்தது. மூன்று பேரரசுகள் அதைப் பங்கு போட்டுக்கொண்டன. அப்போதுகூட அந்த மக்கள் தங்கள் எழுத்துகளில் ஒன்றையும் விட்டுக்கொடுக்கவில்லை. வால் முளைத்தது, புள்ளி வைத்தது, குறுக்கே கோடு கிழித்தது என்று அவர்களுக்கே உரிய ஒன்பது எழுத்துகளையும் பத்திரமாகக் காப்பாற்றினார்கள். ஜார் மன்னராலும் ஜெர்மானியப் பேரரசராலும் முடியாமல் போன அந்தக் காரியத்தை வூச் நகரத்துச் 'சம வாசிப்பு மையம்' எட்டே மாதத்தில், ஒரே ஒரு ஸ்கேன் இயந்திரத்தை வைத்துக்கொண்டு முடித்துக் காட்டியது. இப்படிப்பட்ட நிறுவனத்தைப் புகழாமல் வேறு எதைப் புகழ்வது?

செலினா அந்த மையத்தின் 'பயனாளி எண் 31'. பிறவியிலேயே பார்வை இல்லாதவள், சட்டக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு. புத்தகத்தை மையத்தில் கொடுத்தால் இயந்திரம் பக்கங்களைப் படம் பிடித்து, படத்தை எழுத்தாக்கிக் கொடுக்கும். எழுத்தை அவளுடைய கணினி வாசித்துக் காட்டும். தன் பேராசிரியர் எழுதிய அறுநூறு பக்கப் 'பொதுச் சட்டம்' புத்தகத்தைப் பிப்ரவரியில் கொடுத்தாள். மே மாதம் கோப்பு வந்தது. கூடவே வண்ணத்தில் ஒரு சான்றிதழும் வந்தது: 'எழுத்துத் துல்லியம் 99.2 சதவீதம்'. சான்றிதழைப் படமாக அனுப்பியிருந்ததால் செலினாவின் கணினி அதை வாசிக்கவில்லை. பக்கத்து அறைப் பெண் வாசித்துச் சொன்னாள்.

ஜூன் மாதம் வாய்மொழித் தேர்வு நடந்தது.

"அரசு அலுவலக முடிவை எதிர்த்து எத்தனை நாளுக்குள்ள மேல்முறையீடு செய்யணும்?" என்று பேராசிரியர் கேட்டார்.

"நூத்தி நாப்பத்திரெண்டு நாள், ஐயா."

"அஞ்சு மாசமா? அரசாங்கத்துக்கு இவ்வளவு தாராள மனசுன்னு எனக்குத் தெரியாமப் போச்சே!"

"உங்க புத்தகத்துலதான் இருக்கு."

"என் புத்தகத்துல பதினாலு நாள்னு இருக்கும்மா."

"அப்ப நான் படிச்சது யார் புத்தகம்?"

அதே புத்தகம்தான். பதினாலு என்ற எண்ணின் தோளில் பொடி எழுத்தில் ஒரு 2 உட்கார்ந்திருந்தது, அடிக்குறிப்பைப் பார் என்று சொல்ல. இயந்திரம் அதைக் கீழே இறக்கி வரிசையில் நிற்க வைத்துவிட்டது. ஏழு நாள் எழுபத்து மூன்றாகவும் முப்பது நாள் முன்னூற்று ஒன்றாகவும் வளர்ந்திருந்தன. படிக்கும்போதே செலினாவுக்குச் சந்தேகம் வந்தது உண்மை. ஆனால் சட்டத்தில் இதைவிட விநோதமெல்லாம் இருக்கிறது என்பது சட்டம் படிப்பவர்களுக்குத் தெரியும். தேர்வில் தோற்றாள். செப்டம்பர் பன்னிரண்டாம் தேதி மறுதேர்வு. அதிலும் தோற்றால் ஓர் ஆண்டு முழுக்கப் போய்விடும்.

ஜூலையில் மையத்துக்குப் போனாள். இயக்குநர் பான் பிலார்ஸ்கி (அங்கே ஆண்களுக்குப் 'பான்', பெண்களுக்குப் 'பானி' என்பது மரியாதை) எழுந்து வந்து கையைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தார். பார்வையற்றவர்களைக் கண்டால் கையைப் பிடிக்காமல் அவரால் இருக்க முடியாது. அவ்வளவு இளகிய மனம்.

"டீ குடிங்க பானி செலினா. எலுமிச்சம்பழம் போட்டிருக்கு. தொண்ணூத்தொம்பது புள்ளி ரெண்டு! நாட்டுலயே நாமதான் முதல்ல!"

"ஒரு பக்கத்துக்கு ரெண்டாயிரம் எழுத்து வருது. அப்படின்னா பக்கத்துக்குப் பதினாறு தப்பு. ஜனாதிபதிக்குத் தடி அதிகாரம் இருக்குன்னு போட்டிருக்கீங்க."

இங்கே கொஞ்சம் மொழி இலக்கணம் தவிர்க்க முடியாதது. அந்த ஊர்ப் பேச்சில் 'வாஸ்கா' என்றால் தயவு. குற்றவாளிக்கு ஜனாதிபதி தரும் மன்னிப்பும் அதுதான். 'லாஸ்கா' என்றால் கைத்தடி. எழுதும்போது இரண்டுக்கும் ஒரே வித்தியாசம், முதல் எழுத்தின் குறுக்கே ஒரு சின்னக் கோடு. அந்தக் கோட்டை இயந்திரம் தூசி என்று நினைத்துத் துடைத்துவிட்டிருந்தது. ஆகவே ஆயுள் தண்டனைக் கைதிகளை ஜனாதிபதி தடி கொடுத்துக் காப்பாற்றினார். வூச் நகரத்தின் பெயரே 'லோட்ஸ்' ஆகிவிட்டது.

"சரி, 99.2ன்னு யார் கணக்குப் பண்ணினது?" என்றாள் செலினா.

"மெஷின்தான்," என்றார் பிலார்ஸ்கி பெருமையாக. "மனுஷன் தலையீடே கிடையாது."

மூலையில் இருந்த இயந்திரக்காரன் தீமெக் தொண்டையைச் செருமினான்.

"தீமெக், மெஷின்ல மொழி எதுன்னு வெச்சிருக்கீங்க?" என்று அந்தப் பக்கம் திரும்பினாள் செலினா.

"ஜெர்மன்."

"ஏன்?"

"வாங்கும்போதே அப்படித்தான் வந்துச்சு. போலிஷுக்கு மாத்த அரை நிமிஷம் ஆகும். ஆனா பெட்டியில இருக்கறபடியே பயன்படுத்தணும்னு ஒப்பந்தத்துல ஒரு வரி இருக்கு."

"ஒப்பந்தத்தைப் படிச்சுச் சொன்னது யாரு?"

"ஸ்கேன் பண்ணித்தான் படிச்சோம்," என்றான் தீமெக்.

பிலார்ஸ்கி உடனே செயலில் இறங்கினார். அதாவது ஒரு குழு அமைத்தார். 'துல்லிய மேம்பாட்டுக் குழு'வில் ஏழு உறுப்பினர்கள், பதினான்கு நல்ல கண்கள். செலினாவுக்கு 'சிறப்பு அழைப்பாளர்' தகுதி கிடைத்தது. அவளுக்கு முன்னால் வைத்த நிகழ்ச்சி நிரல் வழவழப்பான காகிதத்தில் அச்சிட்டிருந்தது. தடவிப் பார்த்தாள், நல்ல காகிதம்.

"ஒரே ஒருத்தர் அசல் புத்தகத்தைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு ஒருவாட்டி சரிபார்த்தாப் போதும்," என்றாள் அவள்.

"மனுஷன் பார்த்தா மனுஷத் தப்பு வருமே," என்றார் ஓர் உறுப்பினர். எல்லோரும் தலையாட்டினார்கள். தலையாட்டுவது அவளுக்குத் தெரியாது என்பதை நினைவுகூர்ந்து பிலார்ஸ்கி, "எல்லாரும் தலையாட்டறாங்க," என்று அறிவித்தார். இதைத்தான் அந்த மையத்தில் 'அணுகல்தன்மை' என்பார்கள்.

நான்காவது கூட்டத்தில் தீர்வு பிறந்தது. புத்தகம் முழுவதும் 'தடி' எங்கெங்கே இருக்கிறதோ அங்கெல்லாம் ஒரே பொத்தானில் 'தயவு' என்று மாற்றிவிடுவது. ஆகஸ்ட் கடைசியில் திருத்திய கோப்பு வந்தது. புதுத் துல்லியம் 99.8.

செலினா முதலில் நாட்கணக்கைத் தேடினாள். நூற்று நாற்பத்திரண்டு அப்படியே இருந்தது. போன் செய்தாள்.

"உங்க புகார் எழுத்தைப் பத்தித்தானே?" என்றார் பிலார்ஸ்கி. "எண் எழுத்து ஆகாதே, பானி செலினா. எங்க சான்றிதழ்லயே 'எழுத்துத் துல்லியம்'னுதான் இருக்கு."

"எழுத்து தப்பா இருந்தா நான் ஊகிச்சுக்குவேன். எண்ணை எப்படி ஊகிக்கறது? பன்னெண்டாம் தேதி பரீட்சை எனக்கு!"

"ஒம்பதாம் தேதி விழா இருக்கு. துணை அமைச்சர் வர்றாரு. நீங்க வந்து அவர் முன்னாடி ஒரு பக்கம் படிச்சுக் காட்டுங்க. அன்னிக்கே ஆளைப் போட்டு எண்களையெல்லாம் பார்த்துடலாம்."

பக்கத்து அறைப் பெண் நாற்பது பக்கம் வாசித்துக் காட்டிவிட்டு ஸ்ட்ராபெரி பறிக்கும் வேலைக்கு நார்வே போயிருந்தாள். வேறு வழியில்லை. செலினா சம்மதித்தாள்.

விழாவில் மேசை நிறைய ரோஜா ஜாம் வைத்த போன்ச்கிப் பணியாரங்கள், பூங்கொத்துகள், மூன்று ஒலிபெருக்கிகள். பயனாளிகளில் வந்தவள் செலினா மட்டும். மற்றவர்களுக்கு அழைப்பிதழைப் படமாக அனுப்பியிருந்தார்கள். அவள் பேரணியில் பேசுவதுபோல நிமிர்ந்து நின்று கணினியைத் தட்டினாள். ஊனமுற்றோர் உரிமை அத்தியாயத்தை அது கணீரென்று வாசித்தது:

'வெள்ளைத் தயவை ஏந்திச் சாலையைக் கடக்கும் பார்வையற்றவருக்கு வண்டி ஓட்டுநர் வழிவிட வேண்டும். தயவின் நீளம் அவரவர் உயரத்துக்கு ஏற்ப அமையும். தேய்ந்துபோன தயவை மாற்றிக்கொள்ள அவருக்கு உரிமை உண்டு.'

துணை அமைச்சர் கைக்குட்டையை எடுத்தார்.

"என்ன கவித்துவம்! நம்ம சட்டத்துல இவ்வளவு ஈரம் இருக்கா?" என்று கண்ணைத் துடைத்தார். "பானி, மையத்துக்கு ஏதாவது சொல்லணும்னு தோணுதா?"

தோன்றியது. ஜூன் மாதத்திலிருந்தே தோன்றிக்கொண்டிருந்தது.

"அது கவிதை இல்லீங்க, தப்பு. கையில நான் வெச்சிருக்கறது லாஸ்கா. தடி. என் காசுல வாங்கினது. இதை உங்க வாஸ்கான்னு எழுதி வெச்சிருக்காங்க. மெஷின் பொய் சொல்லலை, இந்த மேடையில இருக்கறவங்க நினைப்பைத்தான் எழுதியிருக்கு. நான் கேட்டது தயவு இல்லை. ஒரே ஒரு எண். ஏழா, எழுபத்து மூணா?"

பிலார்ஸ்கி அவள் கையைப் பிடிக்க வந்தார்.

"உணர்ச்சிவசப்படாதீங்க. நம்ம துணை அமைச்சரோட தயவுல..."

"பெஸ் வாஸ்கி!" என்றாள் செலினா.

சொல்லுக்குச் சொல் 'தயவு இல்லாமல்'. உங்கள் தயவு எனக்குத் தேவையில்லை என்று பொருள். டிக்கெட் ஜன்னலில் முகம் சுளிக்கும் குமாஸ்தாவிடம் அந்த ஊரில் யாரும் சொல்லிவிட்டு நகரும் வார்த்தைதான். தடியால் தரையைத் தட்டிக்கொண்டே வெளியேறினாள். போன்ச்கியைத் தொடவில்லை.

எண்களைப் பார்க்க ஆள் போடப்படவில்லை. பன்னிரண்டாம் தேதி பேராசிரியர் வேறொரு கெடுவைக் கேட்டார். "ஏழு நாளா, எழுபத்து மூணு நாளான்னு என் புத்தகம் இன்னும் முடிவு பண்ணலை, ஐயா," என்றாள். பேராசிரியருக்கு வருத்தம்தான். ஆனால் வருத்தத்துக்கு மதிப்பெண் போட விதியில் இடமில்லை.

அக்டோபரில் விழாவின் நடவடிக்கைக் குறிப்பு அவளுக்கு வந்தது. செயலர் பானி மெலானியா அவள் வார்த்தையை ஓர் எழுத்து மாறாமல் எழுதியிருந்தார். பிறகு முறைப்படி அதை இயந்திரத்தில் ஸ்கேன் செய்தார்கள், குறுக்குக் கோடு மறுபடி துடைபட்டது. புத்தகம் அல்ல என்பதால் பொத்தான் திருத்தம் இதற்குச் செய்யப்படவில்லை. செலினாவின் கணினி வாசித்தது:

'நிகழ்ச்சியின் முடிவில் பயனாளி எண் 31 தடி இல்லாமல் வெளியேறினார்.'

கீழே அமைச்சகத்தின் பரிந்துரை இருந்தது. எட்டே மாதச் சேவையில் பிறவிப் பார்வையற்ற ஒருவரைத் தடியின்றி நடக்க வைத்த மையத்துக்கு விருது வழங்கப்படுகிறது. துல்லியம் 99.9 சதவீதம் எனப் பதிவு செய்யப்படுகிறது.

அந்த மீதிப் புள்ளி ஒன்று சதவீதம் இப்போது மூன்றாம் ஆண்டை முதலிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறது. பெயர் செலினா.