பிணமாக நடித்த என் கணவரும் சீத்தோவின் விமர்சனப் பக்கமும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

ஹாங்காங், தோ குவா வானில் பெண்களுக்கான பார்லர் நடத்தும் யிம் பிக்-ஹா, அதாவது திருமதி மோக், வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் என் கணவரும் என் கடைக்கு வருகிறவர்களும் சௌக்கியம். தாங்களும் தங்கள் வீட்டாரும் அச்சகத்தில் இருப்பவர்களும் அவ்வாறே இருக்க வேண்டும். ஆனால் சீத்தோ லாப் எழுதும் சினிமா விமர்சனப் பக்கத்தை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு படத்துக்கும் இத்தனை நட்சத்திரம் என்று மட்டும் போடப் போகிறீர்கள் எனக் கேள்விப்பட்டதிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நேற்று ஒரு அம்மாவின் தலைக்குக் கறுப்புச் சாயம் பூசுவதற்குப் பதிலாகச் செம்பட்டையைப் பூசிவிட்டேன். அது தனக்குப் பொருத்தமாக இருப்பதாக அவரே சொல்லிவிட்டதால் தப்பித்தேன்.

சீத்தோ எழுத வருவதற்கு முன்னால் நாங்கள் எங்கள் கான்டனீஸ் மொழிப் படத்துக்குப் போன லட்சணத்தைச் சொல்லி மாளாது. சுவரொட்டியில் யார் முகம் பெரிதாக இருக்கிறதோ அந்தப் படத்துக்கு மழையில் வரிசை நின்று போவோம், திரும்பி வரும்போது வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே வருவோம். இப்போது அப்படி இல்லை. வியாழக்கிழமை உங்கள் பத்திரிகை வந்ததும், முடி காயவைக்கும் மெஷினுக்குள் தலையை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களுக்கெல்லாம் நான் அந்தப் பக்கத்தை உரக்கப் படிக்கிறேன். ஒரு படத்தில் கதாநாயகன் சந்தையில் முட்டைக்கோஸ் விற்கிறவன், ஆனால் பேசுவது மட்டும் விமான நிலையத்து அறிவிப்பு மாதிரி என்று எழுதினாரே, அன்றைக்குத்தான் எங்கள் பேச்சுக்கும் சினிமாவில் ஒரு மரியாதை வேண்டும் என்று எனக்கு உறைத்தது. இன்னொரு முறை, பெரிய நடிகர் யாரும் இல்லாத ஒரு சின்னப் படத்தைப் பற்றி, தாயும் மகளும் சூப்புக்காகப் போடும் சண்டையைக் காது கொடுத்துக் கேளுங்கள், ஒருத்தியும் ஒரு வாக்கியத்தை முடிப்பதில்லை என்று எழுதியிருந்தார். போய்க் கேட்டோம். என் பழைய வாடிக்கையாளர் பாங் அக்கா படம் முடிவதற்குள் எழுந்து வெளியே போய், பல காலமாகப் பேசாமலிருந்த நாத்தனாருக்குப் போன் போட்டுவிட்டாள்.

இனி என் கணவர் விஷயத்துக்கு வருகிறேன். மோக் சாய்-கிட் லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் என் பார்லரில் வந்து உட்கார்ந்து, யாருக்கு எந்தக் கொண்டை எடுப்பாக இருக்கும் என்று கருத்துச் சொல்ல ஆரம்பித்தார். கூட்டம் குறையத் தொடங்கியது. பாங் அக்காதான் தன் மருமகன் மூலமாக ஒரு சினிமா கம்பெனிக்கு அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்தாள். தினமும் காலையில் கடலில் நீந்துகிறவர், மூச்சை நன்றாக அடக்குவார் என்பதால் பிணவறை மேசையில் பிணமாகப் படுக்கவைத்தார்கள். எங்கள் மகள் ஹோய்-சிங்கிடம் சொல்லக்கூடாது என்று எனக்கு உத்தரவு. அவள் புருஷனோடு இங்கிலாந்துக்குக் குடிபோனபோது, போகிறவள் போகட்டும் என்று சொல்லி விமான நிலையத்துக்குக்கூட வராதவர் இவர். அன்றிலிருந்து அவள் போன் செய்தால் என்னோடுதான் பேசுவாள். இவர் பக்கத்தில் உட்கார்ந்து தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டுவார்.

படம் வந்தது. சீத்தோ அதைக் கிழித்துத் தோரணம் கட்டிவிட்டார். கதாநாயகனை விடவில்லை, பாட்டை விடவில்லை, வசனத்தையும் விடவில்லை. கடைசியில் ஒரு வரி: "இந்தப் படத்தில் மிகையாக நடிக்காத ஒரே மனிதர் பிணவறை மேசையில் கிடக்கும் முதியவர்தான், அவருடைய அமைதியில் ஒரு வாழ்க்கை தெரிகிறது." நான் படித்து முடித்ததும் மெஷினுக்குள் இருந்த பாங் அக்கா, தன் காதுக்குக் கேட்காததால் யாருக்கும் கேட்காது என்று நினைத்துக்கொண்டு, "உன் வீட்டுக்காரர் செத்தாத்தான் நல்லா இருக்கார்னு எழுதியிருக்கான்டி" என்று கத்திவிட்டாள். அவர் வாசலில்தான் நின்றிருந்தார். கோபித்துக்கொள்வார் என்று பயந்தேன். அவரோ பத்திரிகையை வாங்கி அந்த வரியைத் தனியாக வெட்டியெடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

அதன் பிறகு எங்கள் பாடு திண்டாட்டமானது. பயிற்சி என்று சொல்லித் தலை அலசும் நாற்காலியில் மல்லாந்து கிடந்தார். பூட்டாத கடை என்று உள்ளே வந்த ஒரு பெண் பார்த்துவிட்டு ஆம்புலன்ஸை வரவழைத்தாள். டீக்கடையில் யார் என்ன நகைச்சுவை சொன்னாலும் சிரிக்க மறுத்தார். எல்லாவற்றுக்கும் மேல், பக்கத்துவீட்டுப் பெரியவர் இறந்தபோது அஞ்சலி செலுத்தப் போன இடத்தில், உடலை வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "ரொம்ப இயல்பா இருக்கார்" என்று விதவையிடமே சொல்லிவைத்தார். அந்த அம்மா நல்ல வார்த்தை என்று எடுத்துக்கொண்டு நன்றி சொன்னாள்.

இப்படி இருக்கையில் ஒரு ஞாயிறு சாயங்காலம் நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஹோய்-சிங்கின் போன் வந்தது. அங்கே அப்போது காலை; அவள் ஊரில் நம் ஆட்களுக்காக அந்தப் படத்தைக் காலைக் காட்சியாகப் போட்டிருக்கிறார்கள். அங்கிருந்தும் உங்கள் பத்திரிகையை விடாமல் படிக்கிறவள், சீத்தோ புகழ்ந்த அந்தப் பிணத்துக்காகவே போயிருக்கிறாள். திரையில் பிணத்தை மூடிய துணியை விலக்கினால் கிடப்பது அவள் அப்பா. பாதிப் படத்தில் எழுந்து வெளியே ஓடிவந்து, "அம்மா, அப்பா இருக்காரா?" என்று மட்டும் கேட்டாள். நான் போனை அவர் கையில் கொடுத்தேன். இந்த முறை தொலைக்காட்சியின் சத்தத்தை அவர் கூட்டவில்லை.

"இருக்கேன்மா. மூச்சைத்தான் அடக்கிக்கிட்டுப் படுத்திருந்தேன்" என்றார்.

அந்தப் பக்கம் அழுகை. அவரே மேலும் சொன்னார்: "படத்துல மகளா நடிச்ச பொண்ணு மேல விழுந்து 'அப்பா, அப்பா'ன்னு கூப்பிட்டுச்சு. பதில் சொல்லாம கிடக்கிறது ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு."

சாப்பாடு ஆறிப்போனது. ஐயா, அந்த வரியை எழுதியவருக்கு இந்த வீட்டு விவரம் எதுவும் தெரியாது. மேசைமேல் கிடந்த முகத்தைச் சரியாகப் பார்த்தார், அவ்வளவுதான். இப்போது வாராவாரம் அப்பாவும் மகளும் சீத்தோ சொன்னது சரியா தப்பா என்று சண்டை போடுகிறார்கள். நட்சத்திரத்தை வைத்துக்கொண்டு யாராவது சண்டை போட முடியுமா? நாலு என்றால் நாலு, பேச்சு முடிந்தது. பிறகு மறுபடியும் போன் என் கைக்கு வந்துவிடும். ஆகையால் அந்தப் பக்கத்தை எக்காரணம் கொண்டும் நிறுத்த வேண்டாம் என்று கடைக்கு வருகிறவர்கள் அனைவரின் சார்பிலும் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் பத்திரிகை நன்றாக விற்கட்டும். சீத்தோவின் கண்ணும் காதும் நல்லபடி இருக்கட்டும். அவருடைய மனைவி ஒருநாள் கடைக்கு வந்தால் முடிக்குச் சுருள் வைப்பது இலவசம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள வாசகி,
யிம் பிக்-ஹா

பி.கு.: கடிதத்தை உறையில் போடும் நேரத்தில் அந்தப் படத்தின் இயக்குநரிடமிருந்து போன். அடுத்த படத்தில் என் கணவருக்கு உயிருள்ள ஆளாக வேஷம். ஓட்டலில் உட்கார்ந்து, "இந்த மீன் புதுசு இல்லை" என்று ஒரு வசனம் பேச வேண்டுமாம். அப்போதிலிருந்து கண்ணாடி முன்னால் நின்று, நெஞ்சில் கை வைத்து, மீனுக்காகக் கண்ணீர் விட்டுக்கொண்டிருக்கிறார். மகளுக்கும் சொல்லியாகிவிட்டது; சீத்தோ என்ன எழுதப் போகிறார் என்று அவள் இப்போதே காத்திருக்கிறாள். ஆகவே, ஐயா, நட்சத்திரம் மட்டும் போடுகிற ஏற்பாட்டைக் கூடிய சீக்கிரம் ஆரம்பித்துவிடுங்கள்.